சீமாட்டி ஏன் கத்துறா?

வா நைனா, வா. நீ வர்றது எனக்கு மூணு வளைவுக்கு முந்தியே தெரியும். போளூர் ரோட்டுல கடைசிக் கொண்டை ஊசி திரும்பச்சொல்லவே கேட்டுது. யாரோ பன்னியக் கட்டித் தூக்கிக்கினு போறாங்கன்னுதான் நெனச்சேன். உள்ள இருந்து கெழவி கூட, "யாரு வூட்டுப் பன்னி அது?"ன்னு கேட்டா. அப்பால பாத்தா நீட்டு மூக்கோட உன் காரு வருது. எங்க ஜமுனாமரத்தூர் பன்னிங்க கொஞ்சம் கௌரவமா கத்தும், அதையும் சொல்லிடுறேன்.

பானட்டுல கை வைக்காத, இரு. மொதல்ல எஞ்சின அமத்து. சாவிய எடுத்து இந்தத் திண்ணையில வை. என் கண்ணு முன்னாடி வை. நாப்பது வருஷமா இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் யாரையும் நம்புறதில்ல. ஏன்னு அப்பால சொல்றேன். அந்தத் துண்டையும் கழுத்துல இருந்து எடுத்துடு. மலைக்கு வந்தா கழுத்துல துண்டு போடணும்னு உனக்கு யாரு சொன்னது? சினிமாவா?

உக்காரு. சூடு ஆறட்டும். கெழவி சாமைக் கஞ்சி கொண்டாருவா. மெட்ராஸ்ல இதையே 'மில்லட்'டுன்னு சொல்லி, கிண்ணத்துல ஊத்தி, எரநூறு ரூவா வாங்குறாங்களாமே. இங்க சும்மா குடி. கதைய மட்டும் கேட்டுட்டுப் போ, அதான் காசு.

இன்னா சொன்ன? விண்டேஜா? எது, இந்தக் காரா? எந்த வருசம்? 94. சரி. சர்க்காரு 2021-ல ஒரு சட்டம் போட்டுது, அம்பது வருசம் தாண்டுனாத்தான் விண்டேஜ்னு. அதுக்குன்னு தனியா நம்பர் பிளேட்டு, நடுவுல 'வி ஏ'ன்னு எழுத்து, புதுசா பதிய இருபதாயிரம் ரூவா. உன் வண்டி அந்த லிஸ்டுல சேர 2044 ஆவணும். அந்தக் கணக்குல பாத்தா இந்தத் திண்ணையில இருக்குற விண்டேஜ் நான் ஒருத்தன்தான். எனக்கும் வளையச்சொல்ல சத்தம் வருது, முட்டியில.

ஆனா வண்டி நல்ல வண்டி. பொய் சொல்ல மாட்டேன். கான்டெஸா. அந்தப் பேருக்கு இத்தாலிப் பாஷையில சீமாட்டின்னு அர்த்தமாம், ஒரு தரம் காவலூருக்கு வானம் பாக்கப் போன விஞ்ஞானி ஒருத்தரு இங்க டீ குடிக்கச்சொல்ல சொன்னாரு. பொறந்த ஊரு இங்கிலாந்து, வாக்ஸால்னு ஒரு கம்பெனியோட ஒடம்பு. வளந்தது வங்காளத்துல, உத்தர்பாராவுல, அம்பாசிடர் செஞ்ச அதே பட்டறையில. 1984-ல வந்தா. மொதல்ல அம்பாசிடர் எஞ்சினையே உள்ள வெச்சாங்க. அம்மாம் பெரிய ஒடம்புக்கு அந்த எஞ்சினு, ஜோடி மாடு இழுக்குற வண்டியில ஒத்தை மாட்டப் பூட்டின மாதிரி. அப்பால ஜப்பான்காரன் இசுசு எஞ்சினு வந்து, பேருக்குப் பின்னால 'கிளாசிக்'னு ஒட்டினப்பத்தான் சீமாட்டிக்கு நடையே வந்துச்சு. 2002-ல முடிஞ்சுது கதை. மந்திரியும் மில்லு மொதலாளியும் பின் சீட்டுல சாஞ்சுக்கினு போன வண்டி. அதுல பவர் ஸ்டியரிங் வேற. உங்க தாத்தா வசதியானவருதான் போல. பேரனுக்குக் காரை வுட்டுட்டுப் போனவரு, கொஞ்சம் காதையும் வுட்டுட்டுப் போயிருக்கலாம்.

சரி, இப்ப கேக்குறேன். இந்தக் கத்தலுக்கு நீ இன்னா பண்ண?

இறுக்கின. அப்பால? மறுபடி இறுக்கின. எங்க, ஆரணியில ஒரு தரம், போளூர்ல ஒரு தரம். அதுக்கும் முந்தி மெட்ராஸ்லயே ரெண்டு தரம். ஆக நாலு. நாலு தரம் இறுக்கியும் கத்துதுன்னா, அஞ்சாவது தரமும் இறுக்கலாம்னு ஸ்பேனரோட மலை ஏறி வந்திருக்கிற. உனக்குக் கொழந்த இருக்குதா? ஒண்ணு. நல்லது. ராத்திரி அது கத்துனா இன்னா பண்ணுவ, அரைத்துணிய இன்னும் இறுக்கிக் கட்டுவியா, ஈரமா இருக்குதான்னு தொட்டுப் பாப்பியா? பாரு, சிரிக்கிற. கொழந்தைக்குத் தெரிஞ்ச நாயம் காருக்குத் தெரியல.

நான் கத்துக்குட்டியா இருந்தது கீழ ஒரு ரைஸ் மில்லுல. எந்த மில்லுன்னு வேணாம், மொதலாளி போயிட்டாரு, புள்ளைங்க இருக்குறாங்க. ஆயில் எஞ்சினு ஒரு பக்கம், நெல்லு அரைக்கிற மிஷின் ஒரு பக்கம், நடுவுல ஒரு ஆளு அகலத்துக்குப் பட்டை பெல்ட்டு. சரி, ஆளு அகலம் இல்ல, ஒரு சாண் இருக்கும். கதை சொல்லச்சொல்ல ரவ அகலமாயிடுது. அந்தப் பட்டை பெல்ட்டு நழுவுனா பிசின் கட்டியெடுத்து ஓடச்சொல்லவே தடவுவோம், புடிச்சுக்கும். ஒரு நாள் நானும் உன்ன மாதிரி புத்திசாலியா இருந்தேன். நழுவுற பெல்ட்ட வெட்டி, நீளம் கொறச்சு, வீணைத் தந்தி மாதிரி இறுக்கிப் பூட்டினேன். சத்தமே இல்ல. மொதலாளி முதுகுல தட்டிக் குடுத்தாரு. பதினோராவது நாளு மிஷின் பேரிங்கு உள்ள பொடியாயி, தண்டு ஆடி, அரிசிக்குப் பதிலா இரும்புத் தூளு கொட்டுச்சு. முதுகுல தட்டின அதே கைதான், எடம் மட்டும் மாறுச்சு.

அதே மில்லுலதான் துண்டும் போச்சு. ஓடுற பெல்ட்டுகிட்ட குனிஞ்சேன், தோள்ல இருந்த துண்டு ஒரு நொடியில சுத்திக்கினு போயி எஞ்சின் வாயில. துண்டு போச்சு, கழுத்து நின்னுது. சாவிய ஏன் திண்ணையில வைக்கச் சொன்னேன்னு இப்பத் தெரியுதா?

சூடு ஆறியிருக்கும். தொற பானட்ட.

அட, சுத்தமா வெச்சிருக்க. பளபளன்னு. மேல் மூடிக்கு மெழுகு கூடப் போட்டிருக்க போல. தெரியுற எடமெல்லாம் சீமாட்டி, தெரியாத எடமெல்லாம் சமையக்காரி. இந்தா பாரு, பானட்டு உள் பக்கம் கறுப்புத் தூளு கோடு போட்டிருக்குது. பெல்ட்டு தேஞ்சு பறந்த ரப்பரு அது. கோடு எந்தப் பெல்ட்டுக்கு நேரா இருக்குதோ அதுதான் கத்துறவ. உன் போன்ல பாத்த வீடியோவுல இதச் சொன்னானா? சொல்ல மாட்டான். அவன் பானட்டு வேற, உன் பானட்டு வேற.

கீழ குனி. இந்த உருளை மாதிரி இருக்குற பம்ப்பு தெரியுதா? எஞ்சின் சுத்துறப்ப இந்தப் பெல்ட்டு இதையும் சுத்தும். இது எண்ணெய அழுத்தி அனுப்பும். நீ ஸ்டியரிங்கத் திருப்புறப்ப அந்த எண்ணெ ஓடிப் போயி உன்கூடச் சேந்து சக்கரத்தத் தள்ளும். அவ்ளோதான் பவர் ஸ்டியரிங். நேரா போறப்ப அதுக்கு வேலையே இல்ல, பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி சும்மா சுத்திக்கினு இருக்கும். கொண்டை ஊசியில மெதுவா, முழுசா ஒடிச்சித் திருப்புறியே, அப்பத்தான் பாரம் மொத்தமும். உன் டயர்ல முப்பது பவுண்டு காத்து அடிக்கிற இல்ல? இந்தக் குழாயில அந்த நேரம் ஆயிரம் பவுண்டுக்கு மேல போவும். அந்தப் பாரம் மொத்தத்தையும் இந்த ஒத்தை விரல் தடிமன் ரப்பர்தான் இழுக்குது. அதான் சமவெளியில பேசாம வந்தவ, மலையில வாயத் தொறக்குறா.

இதக் கண்டுபுடிச்சவரு அமெரிக்காவுல டேவிஸ்னு ஒரு எஞ்சினியரு. லாரி ஓட்டுறவன் கை வலியப் பாத்து செஞ்சாராம். 1926-ல ஓட்டியே காட்டிட்டாரு. கம்பெனிக்காரனுங்க பாத்தாங்க, தலைய ஆட்டுனாங்க, செலவு சாஸ்தின்னு போயிட்டாங்க. கடைக்கு வந்த காருல பவர் ஸ்டியரிங் வந்தது 1951-ல, கிரைஸ்லர் வண்டியில. இருவத்தஞ்சு வருசம். நம்ம மலைக்கு ரோடு வந்த கதை மாதிரியே இருக்குது, போ. இப்ப நம்ம ஊருலயே ஆவுது எல்லாம். விராலிமலைன்னா முருகனும் மயிலும்தான்னு நெனப்ப, ரானே கம்பெனிக்காரங்க அங்கதான் பவர் ஸ்டியரிங் செய்யுறாங்க. பெல்ட்டுன்னா மதுரை கோச்சடை, பென்னர் பட்டறை. எந்த மோட்டார் கொட்டாயிலயும் போயி "பென்னர் பெல்ட்டு"ன்னு சொல்லு, வேற கம்பெனி பெல்ட்ட எடுத்துக் குடுத்துட்டு "இந்தா பென்னர்"னு சொல்லுவான். பேரு அப்பிடி ஆயிடுச்சு.

பெல்ட்டோட பக்கவாட்டத் தொட்டுப் பாரு. பாத்துத் தொடு, ஓரமா. எப்பிடி இருக்குது? கண்ணாடி மாதிரி. வழுக்கி வழுக்கி, சூடேறி, மெருகேறிப் போச்சு. இந்த மெருகு புதுப் பொண்ணு மூஞ்சிக்கு வரலாம், பெல்ட்டுக்கு வரக் கூடாது.

பட்டை பெல்ட்டு வேற ஜாதி, இது வேற. இதப் பாரு, மேல அகலம், கீழ குறுகல். ஆப்பு. மரம் பொளக்குறவன் அடிக்கிற அதே ஆப்பு. பெல்ட்டு சுத்துற இந்த உருளையோட பள்ளத்துக்குள்ள ரெண்டு பக்கமும் கவ்விக்கினுதான் இழுக்கும். அடி தொடக் கூடாது. அடி தொட்டுச்சுன்னா ஆப்பு இறங்கிட்டுதுன்னு அர்த்தம், பக்கம் கவ்வாது, நீ எம்மாம் இறுக்கினாலும் வழுக்கும். 1917-ல ஜான் கேட்ஸுன்னு ஒருத்தரு இந்த ஆப்பு பெல்ட்ட ரப்பருலயும் நூலுலயும் செஞ்சாராம், அதுக்கு முந்தி தோலு, கயிறுன்னு என்னென்னமோ ஓட்டிக்கினு இருந்தாங்க. அறிவாளி மனுசன். ஆனா ஆப்பு இருக்குற எடத்துல கொரங்கும் வரும் இல்ல? பொளந்த மரத்துல உக்காந்து ஆப்ப அசைச்ச கொரங்கு கதை உனக்குத் தெரியுமே. நான் யாரையும் சொல்லல. கஞ்சியக் குடி.

இந்த வெள்ளையா இன்னா? சோப்பா? பெல்ட்டுக்கு சோப்பு தேச்சியா! எவன் சொன்னது? சரி, வுடு. சோப்பு தேச்சா ரெண்டு வளைவுக்கு வாய மூடும், மூணாவது வளைவுல ரெண்டு மடங்கு கத்தும். ஸ்ப்ரேயும் அடிச்சியா. அதுவும் அப்பிடித்தான், ஒட்டிக்கினு தூசிய எல்லாம் இழுத்து வெச்சுக்கும். பட்டை பெல்ட்டுக்குப் பிசின் மருந்து, இதுக்கு வெஷம்.

சத்தத்தக் கேக்கத் தெரியணும் நைனா. எல்லாக் கத்தலும் ஒண்ணு இல்ல. பன்னி மாதிரி நீளமா 'வீ...'ன்னு கத்துனா வழுக்குது. திருப்பினா கூடும், நேராப் போனா கொறையும். குருவி மாதிரி 'கீச் கீச்'சுன்னு வுட்டு வுட்டுக் கத்துனா, ரெண்டு உருளையும் ஒரே நேர்கோட்டுல இல்ல. கொத்தனாரு நூலு புடிக்கிறாரு பாரு, அது மாதிரி ஒரு நூல இந்த உருளை முகத்துல இருந்து அந்த உருளை முகத்துக்குப் புடிச்சுப் பாக்கலாம். நூலு இல்லன்னா அரைஞாண் கயிறு போதும். உன்கிட்ட அது இருக்காது, பெல்ட்டு போட்டிருக்க. அதுவும் தொளதொளன்னு இருக்குது, அத ஏன் நாலு தரம் இறுக்கல? எருமை மாதிரி 'ம்ம்ம்...'னு முனகுனா பெல்ட்டே இல்ல, எண்ணெ கொறஞ்சிடுச்சு, இல்லாட்டி எண்ணெக்குள்ள காத்து பூந்துடுச்சு. டப்பா மூடியத் தொறந்தா மோர் மாதிரி நொரை தெரியும். கரகரன்னு கல்லு அரைக்கிற மாதிரி வந்தா பேரிங்கு. அப்ப காசு எடுத்து வெச்சுக்கோ.

காவலூரு கதை கேட்டிருக்கியா? இங்க இருந்து ஆலங்காயம் ரோட்டுல போனா வானத்தப் பாக்குற எடம் வரும். முன்ன வேலூர் ஜில்லா, 2019-ல இருந்து திருப்பத்தூர் ஜில்லா. அவங்களுக்கு எந்த ஜில்லாவா இருந்தா இன்னா, பாக்குறது மேல. வைனு பாப்புன்னு ஒரு பெரியவரு இருட்டத் தேடிக்கினு இந்த மலைக்கு வந்தாரு. 1968-ல ரவூண்டு தொலைநோக்கிய வெச்சு ஆரம்பிச்சாங்க. 72-ல ஒரு மீட்டருது வந்துச்சு. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போவப் போவுதுன்னு அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில பாத்துக்கினு இருந்தாங்க. கிரகம் மறைக்கிற நேரம் இன்னும் வரல. அதுக்குள்ளயே நட்சத்திரம் ரவ மங்கி, மறுபடி எரிஞ்சுது. உன்ன மாதிரி ஆளா இருந்தா மிஷின்ல கோளாறுன்னு நாலு போல்ட்ட இறுக்கியிருப்ப. அவங்க, 'இந்த மினுக்கல் எங்க இருந்து வருது?'ன்னு பாத்தாங்க. மொதல்ல யுரேனசுக்குப் புதுசா ஒரு நிலா இருக்குதுன்னுதான் நெனச்சாங்களாம், எழுதியும் போட்டாங்க. அப்பால உலகத்துல மத்த எடத்துல பாத்தவங்க கணக்கும் சேந்தப்பத்தான் தெரிஞ்சுது, யுரேனச சுத்தி வளையம் இருக்குது, வளையந்தான் மறச்சிருக்குது. அம்மாம் படிச்சவங்களே மொதல்ல நிலான்னு நெனச்சிருக்காங்க. நீ பெல்ட்டுன்னு நெனச்சதுக்கு வெக்கப்படாத. ஆனா நாலு தரம் நெனச்சிருக்கக் கூடாது.

அந்த எடத்துல இப்ப 2.34 மீட்டர் கண்ணாடி வெச்ச பெரிய தொலைநோக்கி இருக்குது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து தொறந்து வெச்சாரு, வைனு பாப்பு பேரையே வெச்சாங்க. பாவம், அவரு 82-லயே போயிட்டாரு. ராத்திரியில அந்தப் பக்கம் போனா ஹெட்லைட்டக் கொறச்சுக்கினு போ, அவங்களுக்கு வெளிச்சம் ஆவாது. நல்ல வேளை, சத்தம் நட்சத்திரத்த ஒண்ணும் பண்ணாது. இல்லன்னா உன் வண்டி வந்த ராத்திரி பாதி வானம் எழுந்து உக்காந்திருக்கும்.

சரி, கத்தல் எங்க இருந்து வருதுன்னு பாப்போம். கையக் குடு. உன் கட்டை விரல். ரெண்டு உருளைக்கும் நடுவுல, நீளமான பக்கத்துல, பெல்ட்டு மேல வெச்சு அழுத்து. இன்னும். இன்னும் அழுத்து, அது உன் மேனேஜர் கழுத்துன்னு நெனச்சுக்கோ. எம்மாம் எறங்குது? ஒண்ணுமே எறங்கல. பாத்தியா? நல்லா அழுத்துனா 10, 12 மில்லிமீட்டர் எறங்கணும், உன் சுண்டு விரல் தடிமன். நல்லா அழுத்துறதுன்னா பத்து கிலோ கணக்கு. பத்து கிலோ எப்பிடித் தெரியும்னா, வூட்டுல எடை பாக்குற மிஷின் மேல கட்டை விரல வெச்சு அழுத்திப் பாரு, முள்ளு பத்துல நிக்கிற வரைக்கும். ரெண்டு தரம் பண்ணினா விரலுக்கு மனப்பாடம் ஆயிடும். அப்பால பெல்ட்டு இருக்குற வரைக்கும் உன் விரல்தான் தராசு. பெல்ட்டத் திருகிப் பாக்குறது, தட்டிச் சத்தம் கேக்குறது எல்லாம் சும்மா கண்ணு மதிப்புக்கு.

நீ இதத் தந்தியா முறுக்கி வெச்சிருக்க. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் போயிருந்தா பம்ப்பு பேரிங்கு மில்லுக் கதை சொல்லியிருக்கும். அதோட பம்ப்பு ஒடம்புல இந்தக் காயம் மூணும் யாரு பண்ணது? கம்பிய வெச்சு நெம்பினியா? தகரத்து மேலயா! எண்ணெ டப்பா தகரம் நைனா அது, நெம்பினா ஓட்டை வுழும். நெம்புறதுன்னா இந்தா, இந்த வார்ப்பு இரும்புக் கால் இருக்குது பாரு, அதுல. அதுவும் இரும்புக் கம்பி வேணாம், மம்பட்டிக் காம்பு போதும்.

மூணு சங்கதி சேந்துச்சு. இறுக்கமாவும் இருக்குது, வழுக்கவும் வழுக்குது, நேராவும் இருக்குது. அப்ப இன்னா மிச்சம்? விரல உருளைப் பள்ளத்துல வுடு. எடு. மோந்து பாரு. செவப்பு எண்ணெ. எங்க இருந்து? மேல பாரு, பம்ப்புக்குத் திரும்பி வர்ற ரப்பர் குழாய். கிளிப்பு துருப்புடிச்சு வாயப் பொளந்து நிக்குது. ஒவ்வொரு சொட்டா வழிஞ்சு, குழாய் ஓரமா இறங்கி, சரியா பெல்ட்டு மேல வுழுது.

நான்தான் சொன்னேனே, ஈரமா இருக்குதான்னு பாருன்னு.

சிரிக்காத, வேலையப் பாரு. எண்ணெ குடிச்ச ரப்பரு ஊறிப் போவும், கழுவினாலும் திரும்ப ஆவாது. மாத்து பெல்ட்டு இருக்குதா? டிக்கியிலயா? ஆறு மாசமா! புதுச தூக்கிக்கினு ஊரு சுத்திக்கினு, பழச போட்டுக் கத்த வுட்டுக்கினு. 'ஒரிஜினல் கெடக் கூடாது'ன்னா? சரி சரி, உங்க தாத்தா வெச்ச பெல்ட்ட சாமி ரூம்புல மாட்டிக்கோ.

மொதல்ல பேட்டரி வயர ஒண்ணு கழட்டு. சாவி என்கிட்ட இருக்குது, ஆனாலும் கழட்டு. இப்ப பம்ப்பு எதுல கீலு மாதிரி ஆடுதோ அந்த போல்ட்டு ரவ தளத்து. முழுசா வேணாம். அப்பால நீளப் பள்ளம் இருக்குற ப்ராக்கெட்டு போல்ட்டு. இப்ப பம்ப்பு எஞ்சின் பக்கமா சாயும். பெல்ட்டு கையாலயே வரணும், கையாலயே ஏறணும். ஸ்க்ரூ ட்ரைவர் வுட்டு நெம்பி ஏத்தினா உள்ள நூலு அறுந்துடும், மேல பாக்க நல்லா இருக்கும், ஒரு மாசத்துல நடு ரோட்டுல வுட்டுட்டுப் போவும். நம்ம ஊருல அப்பிடி நெம்பி ஏத்தின கல்யாணம் ஒண்ணு ரெண்டு பாத்திருக்கேன்.

உருளைப் பள்ளத்த சோப்புத் தண்ணி போட்டுத் தொடை. ஆமா, இப்பத்தான் சோப்புக்கு வேலை. தொடச்சு காய வுடு. பள்ளத்துல வெரல வுட்டு சுத்திப் பாரு, சொரசொரப்பு, வெடிப்பு இருக்கக் கூடாது. பெல்ட்ட மாட்டு. மம்பட்டிக் காம்ப வெச்சு பம்ப்ப மெதுவா வெளிய தள்ளிப் புடி, நான் ப்ராக்கெட்டு போல்ட்ட இறுக்குறேன். போதும். விரல வை. எறங்குதா? பன்னண்டு இருக்கும். ரவ தள்ளு. இப்ப வை. இதுதான். இப்ப கீலு போல்ட்டு.

ஒரு சங்கதி. புதுக் கயித்துக் கட்டில் பின்னி ஒரு வாரம் படுத்தா நடுவுல தொய்யும், மறுபடி கயிற முறுக்கணும். புதுப் பெல்ட்டும் அப்பிடித்தான். கொஞ்சம் ஓடிப் பள்ளத்துல உக்காரும், தொய்யும். போளூர் எறங்கினதும் ஒரு தரம் விரல வெச்சுப் பாரு. மெட்ராஸ் போனதும் ஒரு தரம். அப்பால ரொம்ப நாளைக்குத் தொல்லை இல்ல.

இன்னும் கிளிப்பு மாத்தல. உன்கிட்ட கிளிப்பு இருக்காது, தெரியும். பெல்ட்டு வெச்சிருக்க, எண்ணெ பாட்டில் வெச்சிருக்க, ஏதோ ஒரு மெழுகு மூணு டப்பா வெச்சிருக்க, பத்து ரூவா கிளிப்பு இல்ல. இரு, வரேன்.

இந்தா. எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காத. அளவு சரியா இருக்குது பாரு. குழாய் நுனி வெடிச்சிருக்குது, அரை அங்குலம் வெட்டிட்டு மாட்டு. இறுக்கு, ஆனா ரப்பர வெட்டுற அளவுக்கு வேணாம். நீ அந்தப் பழக்கத்த வுடணும். பக்கத்துல இருக்குற இந்த இன்னொரு குழாயத் தொடாத. அது அழுத்தம் போற குழாய், ஆயிரம் பவுண்டு சொன்னேனே அது. அதுக்குக் கிளிப்பு வைத்தியம் ஆவாது. அது ஒழுவுச்சுன்னா புதுக் குழாய்தான். இப்ப எண்ணெ டப்பாவுல கோடு வரைக்கும் ஊத்து. கோடு வரைக்கும், தீபாவளி எண்ணெ மாதிரி தலை நெறைய வேணாம்.

சாவிய எடுத்துக்கோ. பேட்டரி வயர மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணு. துண்டு? நல்ல புள்ள. இப்ப இந்தப் பக்கம் முழுசா திருப்பு, அந்தப் பக்கம் முழுசா திருப்பு. கடைசி வரைக்கும் போயி அங்கயே அழுத்திப் புடிச்சுக்கினு நிக்காத, நாலஞ்சு நொடிக்கு மேல கூடாது, எண்ணெ கொதிக்கும், பம்ப்பு அழும். திருப்பு. திருப்பு. கேக்குதா? ஒண்ணும் கேக்கல இல்ல? கெழவியக் கூப்பிடு, பன்னி செத்துப் போச்சுன்னு சொல்லு.

எறங்கச்சொல்ல ஒண்ணு கேட்டுக்கோ. பழைய டிரைவருங்க சில பேரு பெட்ரோல மிச்சம் புடிக்கிறேன்னு எஞ்சின அமத்திட்டு நியூட்ரல்ல வுட்டு எறக்குவாங்க. உன் வண்டிய அப்பிடி எறக்கின, எஞ்சின் நின்னா பெல்ட்டு நிக்கும், பம்ப்பு நிக்கும். ஸ்டியரிங் திரும்பும், இல்லன்னு சொல்லல, ஆனா ஆட்டுக்கல்ல நகத்துற மாதிரி கனக்கும். பிரேக்குக்கு எஞ்சின் குடுக்குற ஒத்தாசையும் ரெண்டு மிதியில தீந்துடும். கொண்டை ஊசியில ரெண்டும் ஒண்ணா போனா மிச்சம் புடிச்ச பெட்ரோலுக்கு ஆஸ்பத்திரியில கணக்குப் பாக்கலாம். ரெண்டாவது கியர்ல போட்டு, பேசிக்கினே எறங்கு. எங்கனா பெல்ட்டு அறுந்துட்டா பதறாத. ஓரம் கட்டி, மொதல்ல எந்தப் பெல்ட்டுன்னு பாரு. பவர் ஸ்டியரிங் பெல்ட்டு மட்டுந்தான்னா கையக் கனமா வெச்சுக்கினு மெதுவா ஊரு போயிடலாம். தண்ணி பம்ப்ப ஓட்டுற பெல்ட்டு போச்சுன்னா ஒரு கிலோமீட்டர் கூடப் போவாத, தலை வெந்துடும்.

புது காருக்கெல்லாம் இந்தத் தொல்லையே இல்லையாமே. ஸ்டியரிங்குக்குத் தனியா கரண்டு மோட்டாரு, பெல்ட்டும் இல்ல எண்ணெயும் இல்ல. நல்லதுதான். ஆனா அதெல்லாம் கெட்டா ஒரு சத்தமும் போடாம கெடும், ஒரு மஞ்ச வெளக்கு எரியும், அவ்ளோதான். கத்துற சீமாட்டி தேவலை.

காசா? வெச்சுக்கோ. பீமன் அருவிக்குப் போற வழியில புள்ளைங்க தேன் விப்பாங்க, அங்க வாங்கு. பேரம் பேசாத.

ஒண்ணு மட்டும் பண்ணு. போளூர்ல ஹார்டுவேர் கடையில அதே அளவு கிளிப்பு ரெண்டு வாங்கு. ஒண்ணு உன் டிக்கியில போடு. இன்னொண்ண சாயங்காலம் மலை ஏறுற பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து வுடு, என் வூட்ட அவனுக்குத் தெரியும். கெழவி தெனமும் அஞ்சு மணிக்குத் தோட்டத்துக்கு ஓஸ் பைப்புல தண்ணி புடிப்பா. குழாயத் தொறந்ததும் இன்னிக்கு பைப்பு கழண்டு தண்ணி அவ மூஞ்சியிலதான் அடிக்கும். கிளிப்பு எங்கன்னு கேப்பா. மெட்ராஸ்ல இருந்து ஒரு பையன் வந்தான், கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள கழட்டிக்கினு போயிட்டான்னு சொல்லிடுவேன். நீ சீக்கிரம் கெளம்பு, மணி நாலே முக்கால்.